தனக்கென்று ஒரு போர்வை

(சங்கத் தோட்டக் கிளையொன்றின் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

    

சம்பளம், போனஸ், வீடு, மருத்துவ வசதி ஆகியவைதாம் நம் மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு போர்வை. கையால் தைத்த, கையால் பின்னிய, முன்பின் அறியாத ஒரு குழந்தைக்காகச் செய்த போர்வை. "சங்கக் கூட்டத்தில் போர்வைக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இந்த உரையின் நோக்கம். அதற்கு முன்னால், வேறொரு நாட்டில் சாதாரண மக்கள் கூடிச் செய்துவரும் ஒரு தொண்டைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கட்டுரை செய்த வேலை

1995-ஆம் ஆண்டு டிசம்பர் 24. மறுநாள் கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள்களோடு இணைப்பாக வந்துகொண்டிருந்த 'பரேட்' என்ற இதழில் குழந்தைகளைப் பற்றிய ஒரு படக்கட்டுரை வெளியாயிற்று. அதைத் தயாரித்தவர் எடி ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர். 1968-இல் சைகோன் வீதியில் ஒரு மனிதன் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படமெடுத்து, வியட்நாம் போரின் கொடுமையை உலகத்தின் கண்முன் நிறுத்தியவர் அவர். போரைக் காட்டிய அதே மனிதர் இம்முறை காட்டியது நோயோடு போராடிய ஒரு சிறு பெண்ணை.

அந்தக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நரம்பு வழியே கடுமையான மருந்து ஏற்றிக்கொண்டாள். அந்தக் காலமெல்லாம் தனக்குத் துணையாக இருந்தது தன் போர்வைதான் என்று அவள் சொன்னதாக அந்தக் கட்டுரை தெரிவித்தது. டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, பெற்றோர் இருந்தார்கள். ஆயினும் ஊசி ஏறும் நேரத்தில் அவள் விரல்கள் இறுகப் பற்றியது ஒரு துண்டுத் துணியை!

கொலராடோ மாநிலத்தில் கேரன் லவுக்ஸ் என்ற பெண்மணி இதைப் படித்தார். அவர் கோடீஸ்வரி அல்லர். அரசியல் தலைவியும் அல்லர். பின்னத் தெரிந்தவர், அவ்வளவுதான். தம் வட்டாரத்தில், டென்வர் நகரத்தில் இருந்த குழந்தைகள் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கைப்போர்வைகள் செய்து கொடுப்போம் என்று முடிவு செய்தார். ஒருவர் பத்துப் பேரானார்கள்; பத்துப் பேர் நூறு பேரானார்கள். 'புராஜெக்ட் லைனஸ்', அதாவது 'லைனஸ் திட்டம்' என்று அந்தத் தொண்டுக்குப் பெயர் வைத்தார்கள்.

யார் அந்த லைனஸ்? சார்லஸ் ஷுல்ஸ் என்ற ஓவியர் 1950-இல் தொடங்கிய 'பீனட்ஸ்' சித்திரக் கதையில் வரும் ஒரு சிறுவன். எங்கே போனாலும் ஒரு கையில் போர்வை, மறு கைப் பெருவிரல் வாயில். பேச்சு மட்டும் ஞானியின் பேச்சு! அவனைப் பார்த்து அமெரிக்கர்கள் சிரித்தார்கள். ஆனால் தங்கள் வீட்டுப் பிள்ளையை அவனிடம் அடையாளம் கண்டதால் வந்த சிரிப்பு அது.

இன்று அந்தத் திட்டத்துக்கு அமெரிக்கா எங்கும் நூற்றுக்கணக்கான கிளைகள் உண்டு. தொடங்கிய நாள் முதல் அவர்கள் கொடுத்திருக்கும் போர்வைகள் 80 லட்சத்துக்கும் அதிகம். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை, நோயாலோ விபத்தாலோ வேறு துன்பத்தாலோ அடிபட்ட சிறுவர்களுக்கு அவை போகின்றன. பிப்ரவரி மாதத்து மூன்றாம் சனிக்கிழமையைப் போர்வை செய்யும் நாளாகவே வைத்துக்கொண்டு, மாதா கோவில் கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூடி உட்கார்ந்து தைக்கிறார்கள். கூலி கிடையாது. துணியும் நூலும் பெரும்பாலும் அவரவர் கைப்பொறுப்பு.

துணியில் என்ன இருக்கிறது?

"ஒரு துணி நோயைத் தீர்க்குமா?" என்று கேட்டால், தீர்க்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் துணியைக் குழந்தை பற்றிக்கொள்வதை வெறும் செல்லம் என்று தள்ளிவிட முடியாது. படித்த அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். மன இயலிலும் வல்லவர். குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் துணியைப் பற்றியும் பொம்மையைப் பற்றியும் 1953-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். தாயின் மடியிலிருந்து வெளி உலகத்துக்குப் போகும் பாதையில், குழந்தை தானே தேர்ந்துகொள்ளும் துணை அது என்றார். இன்னொன்றையும் கவனித்து எழுதினார். அந்தத் துணி அழுக்கேறி நாறினாலும் தாய் அதைத் துவைக்கத் தயங்குகிறாள். துவைத்தால் வாசம் போய்விடும், வாசம் போனால் குழந்தைக்கு அது வேறு துணியாகிவிடும்.

1958-இல் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற பேராசிரியர் குரங்குக் குட்டிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி அதன் முடிவை வெளியிட்டார். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொய்த் தாய்கள். ஒன்று வெறும் கம்பியால் ஆனது. மற்றொன்று மெத்தென்ற துணி சுற்றியது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குடித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் குட்டிகள் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. சோதனை கொடுமையானது என்று பின்னாளில் பலர் கண்டித்தார்கள், கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளைக்குப் பால் மட்டும் போதாது என்பதை அது உலகத்துக்குக் காட்டிவிட்டது. பிறகு 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, டாக்டர் பரிசோதிக்கும் நேரத்தில் சிறு குழந்தைகளைக் கவனித்தது. போர்வைமீது பற்றுக்கொண்ட குழந்தைகளுக்கு, தாய் அருகில் இருந்தால் எவ்வளவு கலக்கம் குறைந்ததோ, அதே அளவுக்கு அந்தப் போர்வை இருந்தாலும் குறைந்தது என்று கண்டார்கள்.

தாய்மார்களே! இந்த அறிஞர்கள் சொன்னது உங்களுக்குப் புதிதா? இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஓடிய காலத்தில், தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டவர்கள் நம் அன்னையரும் பாட்டியரும். அங்கே தொங்கிய தொட்டில் எதனால் ஆனது? பழைய சேலையால் ஆனது. ஏன் பழைய சேலை? புதுத்துணி வாங்க வழியில்லை என்பது ஒரு காரணம். அந்தச் சேலையில் ஆத்தாளின் வாசம் இருந்தது என்பது மற்றொரு காரணம். வியர்வையும் ஒட்டுப்பாலும் கலந்த அந்த வாடையை வெளியார் முகஞ்சுளித்து ஒதுக்கலாம். பிள்ளைக்கோ அதுதான் தாய். அதன் நடுவில் சுருண்டு படுத்துப் பத்து மணி, பதினோரு மணி வரை அழாமல் கிடந்தது. வினிகாட் எழுதியதை நம் ஆயாக்கள் எழுதவில்லை, தெரிந்து வைத்திருந்தார்கள்.

சொந்தம் என்ற சொல்

அப்படியானால் ஒரு சந்தேகம் எழுகிறது. தாயின் சேலைக்கு வாசம் உண்டு, பழக்கம் உண்டு. முகந்தெரியாத ஒருவர் தைத்த புதுப் போர்வையில் இவற்றுள் எது இருக்கிறது? அது எப்படி ஆறுதல் தரும்?

இங்கேதான் நாம் சற்று ஆழ்ந்து யோசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தையைப் பாருங்கள். கட்டில் ஆஸ்பத்திரியுடையது. உடுத்தியிருக்கும் சட்டை ஆஸ்பத்திரியுடையது. தட்டும் குவளையும் ஆஸ்பத்திரியுடையவை. விளக்கை எப்போது அணைப்பது, ஊசியை எப்போது போடுவது என்பதைப் பிறர் முடிவு செய்கிறார்கள். தன் உடம்புகூடத் தன்வசம் இல்லை. அந்த இடத்தில் ஒருவர் ஒரு போர்வையைக் கொடுத்து, "இது உன்னுடையது. வீட்டுக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போகலாம்" என்கிறார். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் குழந்தை முதலாளி! வாசமும் பழக்கமும் அதற்குப் பிறகு தாமாக வந்து சேரும்.

அமெரிக்காவில் பெற்றோரோடு இருக்க முடியாமல் அரசாங்கத்தால் வேறு குடும்பங்களில் ஒப்படைக்கப்படும் பிள்ளைகள் பல லட்சம். வீட்டுக்கு வீடு மாறும்போது அவர்களில் பலர் தங்கள் துணிமணிகளைக் குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் அடைத்துக்கொண்டு போவது அந்த நாட்டின் தீராத அவமானங்களில் ஒன்று. உடைமைகளைக் குப்பைப் பையில் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? அத்தகைய பிள்ளைகளுக்கும் இந்தக் கைப்போர்வைகள் போகின்றன. உனக்காக ஒருவர் பல மணி நேரம் உட்கார்ந்து இதைச் செய்தார் என்று ஒவ்வொரு தையலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறது. கடையில் வாங்கிய போர்வையும் குளிரைத் தடுக்கும்; இதை அது சொல்லாது.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத் தொழிலாளியை விடத் தகுதி உடையவர் யார்? நம் முன்னோர் வாழ்ந்த லயம் கம்பெனியுடையது. வேலை போன அன்றே வீடும் போயிற்று. 1950-ஆம் ஆண்டுகளிலும் 1960-ஆம் ஆண்டுகளிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்களே, அப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறின. மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் தனக்கென்று ஒரு பிடி மண்ணும் இல்லாமல் போவது என்ன என்பதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவனின் மனம் நமக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் போர்வை நம் சங்க மேடைக்கு வந்திருக்கிறது.

பேகனும் மயிலும்

போர்வை என்றதும் தமிழருக்கு நினைவு வருபவன் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். பழனி மலைப் பகுதியை ஆண்டவன். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதற்கு ஈந்தான். அவன் கொடையைச் சங்கப் புலவர்கள் வியந்து பாடியிருக்கிறார்கள். மயில் உடுத்துமா, போர்த்துமா என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. இரக்கம் வந்தது, கொடுத்தான். அந்த மனம் பெரிது. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் தொண்டு செய்ய வருகிற நமக்கு அந்த மனம் மட்டும் போதாது. பேகனின் மனமும் வேண்டும். கிராணியின் கணக்கும் வேண்டும். வாங்குபவருக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கொடுப்பதுதான் இக்காலத் தொண்டு. வெள்ளம் வந்த ஊர்களுக்குக் கிழிந்த துணியையும் உதவாத பொருளையும் மூட்டை மூட்டையாக அனுப்பி, அவற்றைத் தரம் பிரிப்பதே தனி வேலையாகிப் போவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் வேண்டாததைக் கழிப்பது கொடை ஆகாது.

லைனஸ் தொண்டர்களின் விதிகளைப் பாருங்கள். போர்வை புதிதாக இருக்க வேண்டும். கையால் செய்ததாக இருக்க வேண்டும். மெஷினில் துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். சிகரெட் புகை நாற்றமோ, நாய் பூனை முடியோ, பூஞ்சணமோ இருக்கக் கூடாது. மருந்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும் அல்லவா? அதனால்தான் இந்தக் கண்டிப்பு. குத்தக்கூடிய ஊசியை உள்ளே மறந்து விட்டிருக்கக் கூடாது. பிய்த்து விழுங்கக்கூடிய பொத்தான், மணி, ஜிகினா முதலியவற்றைத் தைக்கக் கூடாது. கைக்குழந்தையைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் சுற்றிக்கொண்டு மூச்சு முட்டும் அபாயம் உண்டு. விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடலாம். பெரியவர் கண்பார்வையில் மடியில் போர்த்தலாம். அன்பு இருக்க வேண்டும். அறிவும் இருக்க வேண்டும்.

செய்யும் முறையும் ஒன்றல்ல. துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து மெத்தைப் போர்வையாக ஆக்குகிறார்கள். இரண்டு ஊசியால் பின்னுகிறார்கள். குரோஷா ஊசியால் பின்னுகிறார்கள். தையலே தெரியாதவருக்கும் வழி உண்டு: மெத்தென்ற இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுற்றிலும் ஓரத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் முடிச்சுப் போட்டுவிட்டால் போர்வை தயார். பள்ளிப் பிள்ளைகளும் ஆண்களும் இதைச் செய்கிறார்கள். ஆகவே, "தையல் பெண்கள் வேலை" என்று சொல்லி நம் ஆண் தோழர்கள் நழுவிவிட வேண்டாம்! மரத்தின் பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவி, உள்ளே காயம் படாமல் கத்தியை நிறுத்தத் தெரிந்த கைக்கு ஒரு முடிச்சுப் போட வராதா?

சாங்கிச் சிறையில்

இவையெல்லாம் குளிர்நாட்டு வழக்கம், நமக்கு அந்நியம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒட்டுத்துணிப் போர்வையின் வரலாற்றில் மறக்க முடியாத ஓர் ஏடு சிங்கப்பூரில் எழுதப்பட்டது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சிறையின் வேறொரு பகுதியிலும் போர்க்கைதி முகாமிலும் அவர்களுடைய கணவன்மார். இவர் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியாது; அவர் இருப்பது இவருக்குத் தெரியாது. அந்நிலையில் எதெல் மல்வனி என்ற கனடியப் பெண்மணியின் முயற்சியால், காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கென்று பெண்கள் துண்டுத் துணிகளில் பூவேலை செய்து மூன்று போர்வைகளாக இணைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பல சதுரங்களில் செய்தவரின் பெயர். போர்வை ஆண்கள் பக்கம் போனபோது அந்தப் பெயர்களே செய்தியாயின: நான் உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி! அவற்றில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

அதே சிறையில் எலிசபெத் என்னிஸ் என்பவர் சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அந்தச் சிறுமிகள் அவருடைய பிறந்தநாளுக்காகக் கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணமாக வெட்டி, அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைத்தார்கள். அது லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆறுதல் பெற வேண்டிய குழந்தைகள் ஆறுதல் கொடுப்பவர்களானார்கள்!

அதே ஆண்டுகளில் நம்மவர் நிலை என்ன? சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. ஊரில் இருந்தவர்களுக்குத் துணி கிடைக்கவில்லை. கோணிச் சாக்கை உடுத்திக்கொண்டு மானம் காத்தார்கள். அவர்களுடைய போர்வைகள் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. ஏனெனில் அவர்களுக்குப் போர்வையே இல்லை. அந்தப் பரம்பரையில் வந்த நாம், குளிரால் நடுங்குகிற ஒரு பிள்ளைக்குத் துணி தைத்துக் கொடுத்தோம் என்று எழுதப்படுமானால், அது நம் வரலாற்றுக்கு அழகு சேர்க்கும்.

பிச்சையா, உரிமையா?

இனி நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். "தொழிற்சங்கம் உரிமை கேட்கும் ஸ்தாபனம், தர்மம் செய்யும் மடம் அன்று. பிள்ளைகளுக்கு நல்ல சிகிச்சையும் நல்ல வீடும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை, முதலாளியின் கடமை. நாம் போர்வை தைத்துக் கொடுத்தால் அவர்கள் தங்கள் கடமையை மறந்துவிட மாட்டார்களா?" இந்தக் கேள்வி வலுவானது, அதைத் தள்ளிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை.

நம் விடை இதுதான். போர்வை மருந்துக்குப் பதில் ஆகாது. போர்வை சம்பளத்துக்குப் பதில் ஆகாது. கூரை ஒழுகுகிற வீட்டுக்குப் போர்வை பரிகாரம் ஆகாது. கூரையைத்தான் செப்பனிட வேண்டும், அதற்காக நாம் குரல் கொடுத்தே தீருவோம். எவராவது, "போர்வைதான் கொடுத்தாயிற்றே, இனி என்ன வேண்டும்?" என்று கேட்பாரானால், அவரிடம் அந்தப் போர்வையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் நாம் தயங்கக் கூடாது. ஆனால் சட்டத்தால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. சட்டம் கட்டிலைக் கொடுக்கும், டாக்டரைக் கொடுக்கும், ஆயாவைக் கொடுக்கும். 'உன்னை நினைத்து ஒருவர் விழித்திருந்தார்' என்பதை எந்தச் சட்டமும் கொடுக்காது. அதை மனிதர்தாம் கொடுக்க வேண்டும்.

மேலும், பிச்சை வேறு, தோழமை வேறு. பிச்சை மேலேயிருந்து கீழே விழும். கொடுத்தவர் பெயர் பெரிதாக ஒலிக்கும். வாங்கியவர் தலை குனிவார். லைனஸ் தொண்டரோ குழந்தையைப் பார்ப்பதே அபூர்வம். போர்வையின் ஓரத்தில் திட்டத்தின் சிறு துணி முத்திரை ஒன்று இருக்கும். கொடுத்தவருக்கு மாலையும் இல்லை, குழந்தையை அருகில் நிறுத்தி எடுத்த படமும் இல்லை. தைத்தவர் யாரோ, போர்த்திக்கொள்பவர் யாரோ. நடுவில் இருப்பது உழைப்பு ஒன்றே. இதைத் தோழமை என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

ஒட்டுத்துணிப் போர்வையை உற்றுப் பாருங்கள். தனியாக எடுத்தால் ஒரு துண்டும் ஒன்றுக்கும் உதவாது, கைக்குட்டைக்குக்கூடப் பற்றாது. சேர்த்துத் தைத்தால் ஒரு பிள்ளையை மூடும். 1954-இல் தனித்தனியே கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயிற்று. தோட்டத் துண்டாடலின் கொடுமையைக் கண்டு, 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால் வெட்டுவோர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. அவையெல்லாம் ஒட்டுத்துணிப் போர்வை அன்றி வேறென்ன? இந்த வித்தையை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நம்மால் ஆவது

கித்தா மரங்கள் பல இடங்களில் செம்பனையாகிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் பட்டணம் போய்விட்டார்கள். தோட்டத்தில் எஞ்சியிருப்பவர் தொகை குறைவு. ஆயினும் பிற்பகல் நேரம் இருக்கிறது; பல வீடுகளில் தையல் மெஷின் இருக்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாகக் கை இருக்கிறது. ஆகவே இக்கிளையின் மாதர் பகுதி முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, கேட்பது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. நம் வட்டார ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைக் கண்டு, குழந்தைகள் வார்டில் போர்வை வாங்கிக்கொள்வார்களா, எத்தனை, எந்த அளவு, எந்தத் துணி என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. அதற்கு முன் ஒரு தையலும் போட வேண்டாம்.

இரண்டாவது, துணி. நம் நாடு வெப்ப நாடு. கம்பளி இங்கு ஆகாது. ஆனால் குளிரூட்டப்பட்ட வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு மெல்லிய பருத்திப் போர்வை இதமாக இருக்கும். புதுப் பருத்தித் துணியாக வாங்குவோம். தையற்கடைகளில் மிஞ்சும் புதுத் துண்டுகளையும் கேட்டுப் பெறலாம். மூன்று அடிக்கு மூன்று அடி என்ற அளவில் தொடங்கினால் சிறு பிள்ளைக்குப் போதும். தைத்த பின் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பையில் கட்ட வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. கிராணிமார்களே, இது உங்கள் பங்கு. வாங்கிய துணி எவ்வளவு, செலவு எவ்வளவு, முடிந்த போர்வை எத்தனை, எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைத்தோம் என்று ஒரு புத்தகத்தில் எழுதி, மாதக் கூட்டத்தில் படிக்க வேண்டும். பால் நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் கேட்கிறோமே, தொண்டுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

நான்காவது, தயார் நிலை. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பெருவெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நிவாரண மையத்தின் சிமெண்டுத் தரையில், பள்ளிப் பையும் பொம்மையும் தண்ணீரோடு போய்விட்ட பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மழைக்காலத்துக்கு முன் பத்துப் போர்வையாவது கட்டி வைத்திருந்தால், கேட்டவுடன் கொடுக்கலாம். பத்து என்பது சிறிய எண்தான். பத்துப் பிள்ளைகளுக்கு அது சிறிய எண் அன்று.

ஐந்தாவது, அடக்கம். எந்தப் பிள்ளையையும் போர்வையோடு நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். அதன் பெயரையோ நோயையோ எங்கும் வெளியிட வேண்டாம். அது நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கொடுத்த பிறகு அது நம் பொருள் அன்று. பிள்ளை அதை இழுத்து அழுக்காக்கட்டும், வீடு கட்டி விளையாடட்டும், பொம்மைக்குப் போர்த்தட்டும், கிழிக்கட்டும். முதலாளி அந்தப் பிள்ளைதான்.

தோழர்களே! தாய்மார்களே! நம் தாத்தா பாட்டிகள் தங்களுக்கென்று நட்ட மரம் ஒன்றும் இல்லை. அவர்கள் வெட்டிய பால் கப்பலேறிப் போய், அவர்கள் கண்டிராத ஊர்களில் கண்டிராத மனிதருக்குப் பயன்பட்டது. அன்று கண்டிராதவர்களுக்காக அவர்கள் உழைத்தது கட்டாயத்தால். இன்று கண்டிராத ஒரு பிள்ளைக்காக நாம் உழைப்பது நம் விருப்பத்தால். தொழிலாளி தன் உழைப்பின் மீது தானே உரிமை கொண்டான் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேறு வேண்டுமா?

உரிமைக்குக் குரல் கொடுப்போம். துன்பப்படும் பிள்ளைக்குப் போர்வை தைப்போம். சங்கம் இரண்டுக்கும் பொதுவான வீடு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஆஸ்பத்திரியில் கேட்டு வந்த பதிலோடு வாருங்கள். துணி வாங்குவதைப் பற்றி அன்று முடிவு செய்வோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!